ஐந்து பொட்டை, ஒரு சேவல்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டுக்கோழி வளர்க்க முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கம் விருந்தாளி வந்தால் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும்தான். அந்தக் கோழியைக் கடைக்குப் போய் வாங்காமல், வீட்டுக்குப் பின்னால் மேய்கிற கோழியையே பிடிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு வாரம் நாலு முட்டையாவது வீட்டிலேயே கிடைக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயிரம் கோழிப் பண்ணைக்கான வழிகாட்டி அல்ல இது. ஐந்து சென்ட் இடமும், காலையில் அரைமணி, சாயங்காலம் அரைமணி நேரமும் இருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கொடுத்து எத்தனை கோழி வாங்கினோம் என்பதில் ஒன்றும் இல்லை. வீட்டில் பொரித்த குஞ்சில் எத்தனை எட்டு வாரத்தைத் தாண்டியது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதனால் குஞ்சு பற்றித்தான் இதில் அதிகம் இருக்கும்.

எந்தக் கோழி, எத்தனை

ஐந்து பொட்டை, ஒரு சேவல். முதல் வருடம் இதற்கு மேல் வேண்டாம். ஒரு சேவல் எட்டு, பத்து பொட்டை வரைக்கும் தாங்கும். ஆனால் நாம் தாங்க வேண்டுமே.

சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழியில் தொடங்குங்கள். வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை, அதையும் மூன்று நான்கு ஈடாக, அதாவது தொடர்ந்து கொஞ்ச நாள் இட்டு நிறுத்துகிற சுற்றாகத்தான் இடும். நாமக்கல் வெள்ளைக்கோழி 300 முட்டை இடுகிறதே என்று கேட்பார்கள். அந்தக் கோழி கூண்டில் நிறுத்து வைத்த தீவனத்தைத் தின்று இடுகிறது, அடைக்கும் உட்காராது. சிறுவிடை தன் இரையில் பாதிக்கு மேல் தானே தேடிக்கொள்ளும், அடை காக்கும், குஞ்சைக் கூட்டிக்கொண்டு மேயும், பருந்து வட்டமிட்டால் ஒரு சத்தம் கொடுத்துக் குஞ்சுகளைப் புதருக்குள் ஓட்டும். பெருவிடை எடை நன்றாக வரும், சேவல் நல்ல விலைக்குப் போகும். ஆனால் முட்டை குறைவு, கனம் தாங்காமல் அடைமுட்டையை உடைப்பதும் உண்டு. வனராஜா, கிராமப்ரியா இரண்டும் ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகத்தில் புறக்கடை வளர்ப்புக்காகவே உருவாக்கியவை. சிறுவிடையை விட முட்டை நிறைய. அடைக்கு உட்கார்வது அபூர்வம் என்பதால் ஒவ்வொரு முறையும் குஞ்சை வெளியில்தான் வாங்க வேண்டும். இரண்டாம் வருடம், கை பழகிய பிறகு நாலைந்து சேர்த்துப் பாருங்கள்.

முடிந்தவரை ஒரே ஊரில், ஒரே வீட்டில், கண்ணெதிரில் மேய்கிற கோழியாக வாங்குங்கள். சந்தைதான் வழி என்றால் ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி, வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி. விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். கோழியைக் கையில் தூக்கிப் பாருங்கள். கண் நீர் கோக்காமல் பளிச்சென்று இருக்க வேண்டும். கொண்டை சிவந்து சூடாக இருக்க வேண்டும். வாலுக்கடியில் எச்சம் ஒட்டியிருந்தால் கீழே விட்டுவிடுங்கள். காதருகே வைத்துக் கேளுங்கள், மூச்சில் கரகரப்பு இருந்தால் வேண்டாம். கால் செதில் வழவழப்பாக இருந்தால் இளங்கோழி. சொரசொரப்பாகத் தூக்கிக்கொண்டிருந்தால் கிழடு.

வாங்கிய கோழியைப் பழைய கோழியோடு சேர்க்காதீர்கள். மூன்று வாரம் தனிக்கூடையில், தள்ளி, தனித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வையுங்கள். பழைய கோழிக்கு இரை வைத்த பிறகே புதிதுக்கு வைக்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. ஒரு மாசி மாதம், சந்தையில் வாங்கிய இரண்டு பொட்டையை அன்று சாயங்காலமே மற்றவற்றோடு அடைத்தேன். ஐந்தாம் நாள் ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு பச்சையாகக் கழிந்தது. பத்து நாளில் பதினேழில் பதினான்கு போய்விட்டது. அம்மா பெயர் வைத்துக் கூப்பிட்ட கருங்கோழியும் அதில் ஒன்று. மூன்று வாரம் காத்திருந்தால் அந்த இரண்டோடு போயிருக்கும்.

கூடு

கோழி வருவதற்கு முன்பே கூடு தயாராக இருக்க வேண்டும். பகலெல்லாம் வெளியில் மேயும் கோழிக்கு ராத்தங்கலுக்கு ஒன்றுக்கு இரண்டு சதுர அடி போதும். ஆறடிக்கு நாலடி கூட்டில் பன்னிரண்டு கோழி சௌகரியமாக அடையும். நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே அடிக்காது. தரையிலிருந்து ஒன்றரை, இரண்டடி தூக்கிக் கட்டுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் வேலிக்கு நடும் கல் கம்பம் நாலு வாங்கி நட்டால் கரையானும் அரிக்காது, மழையிலும் சாயாது. மரக்கால் ஐப்பசி மழை இரண்டைப் பார்த்தாலே ஆடும்.

சுற்றி அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலை. பெரிய கண் வலை மலிவுதான், ஆனால் கீரி வராவிட்டாலும் பாம்பு வரும். கூரைக்குத் தகரம் போட்டால் அதன்மேல் தென்னங்கீற்று கட்டாயம், இல்லையென்றால் சித்திரை வெயிலில் கோழி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். உள்ளே நிலக்கடலைத் தோலோ நெல் உமியோ மூன்று நாலு அங்குலம் பரப்பி, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஈரமான இடத்தை அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும். குறுக்கே ஒரு கட்டையைக் கட்டிவிட்டால் அதில் ஏறி உறங்கும். முட்டையிட, கூட்டின் இருட்டான மூலையில் வைக்கோல் போட்ட பழைய கூடை, நாலைந்து கோழிக்கு ஒன்று.

புளியமரத்தில் ஏறி அடையும் கோழியை அப்படியே விட்டுவிடாதீர்கள். புதுக்கோழியை ஒரு வாரம் கூட்டிலேயே அடைத்து இரை போட்டால், பிறகு பொழுது சாய்ந்ததும் தானே வந்துவிடும். கதவை மூடுமுன் தலையை எண்ணுங்கள். ஒரு நாள்கூட எண்ணாமல் மூடாதீர்கள்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோழிக்கு நிழல், உதிர்ந்த இலைக்கடியில் புழு பூச்சி என்று தோப்பு சொர்க்கம்தான். ஆனால் மார்கழி, தையில் பூவெடுக்கும்போது மருந்தடிப்பார்கள். நம் தோப்பாக இல்லாவிட்டாலும் பக்கத்துத் தோப்புக்காரரிடம் அடிக்கும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றும் அடுத்த சில நாளும் கோழியை அடைத்தே வைத்து இரை போடுங்கள். மருந்தில் செத்து விழுந்த பூச்சியைப் பொறுக்கித் தின்ற கோழி சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும்.

தீனி

மேய்ச்சல் நன்றாக இருந்தால் பெரிய கோழி ஒன்றுக்கு நாளைக்கு 40, 50 கிராம் தானியம் கையில் போட்டால் போதும். காலையில் கொஞ்சம், மிச்சம் சாயங்காலம் கூட்டருகில். சாயங்காலத் தீனிதான் கோழியை வீட்டுக்குக் கூட்டி வருகிறது. கேழ்வரகு, கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், சாமை உமி நீக்கும்போது விழும் நொய், எது வீட்டில் இருக்கிறதோ அது.

கேழ்வரகு போடுகிறோம், அதில் சுண்ணாம்புச் சத்து நிறைய, அதனால் முட்டை ஓடு கெட்டியாக இருக்கும் என்று நம் பக்கம் நம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 344 மில்லிகிராம் கால்சியம். 50 கிராம் போட்டால் 170 சொச்சம். ஒரு முட்டை ஓட்டுக்கே ஏறத்தாழ 2 கிராம் வேண்டும். ஆக, முட்டையிடும் கோழிக்குத் தனியாகச் சுண்ணாம்புச் சத்து வைத்தே ஆக வேண்டும். கிளிஞ்சலை நொறுக்கி ஒரு ஓட்டில் போட்டு வையுங்கள், வேண்டியதைக் கோழியே கொத்திக்கொள்ளும். வீட்டு முட்டை ஓட்டையும் வறுத்துப் பொடித்துப் போடலாம். முழுசாகப் போட்டால் முட்டையைக் குடிக்கப் பழகிவிடும்.

புரதத்துக்குக் கரையான். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, சோளத்தட்டை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலை பானையைத் தூக்கித் தட்டினால் வெள்ளையாக உதிரும். குஞ்சுகள் அதற்கு ஓடிவருவதைப் பார்க்க வேண்டும், சிறகைக்கூட மடக்காமல் உருண்டு வரும். வெயிலேறுவதற்குள் எடுத்துவிடுங்கள், கரையான் இறங்கிவிடும். பட்டு வளர்ப்பும் நூற்பும் நம் இரண்டு மாவட்டத்திலும் இருப்பதால் நூல் எடுத்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழுவும் கிடைக்கும். நன்றாகக் காயவைத்து, கொஞ்சமாகத் தாருங்கள். அதிகமானால் முட்டையில் வாடை வரும். கடலைப்புண்ணாக்கு நல்லதுதான், ஆனால் பூசணம் பிடித்ததை ஒரு கைப்பிடிகூடப் போடக்கூடாது, ஈரலைக் கெடுத்துவிடும். முருங்கைக்கீரை, அசோலா இருந்தால் தினமும் கொஞ்சம்.

தண்ணீர் நிழலில், மண் தொட்டியில். கோடையில் இரண்டு முறை மாற்றுங்கள்.

அடை வைத்தல்

ஒரு ஈடு இட்டு முடித்ததும் கோழி கேறத் தொடங்கும். கூடையை விட்டு இறங்காது, கை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். உடனே முட்டையை வைத்துவிடாதீர்கள். இரண்டு நாள் ஒரு கூமுட்டையை மட்டும் வைத்துப் பாருங்கள். இரண்டாம் நாள் ராத்திரியும் எழாமல் உட்கார்ந்திருந்தால் அது அடைக்கோழி.

அடைமுட்டை ஏழு நாளுக்கு மேல் பழசாக இருக்கக்கூடாது. கோடையில் ஐந்து நாள். நடுத்தர அளவு, விரிசல் இல்லாதது, கூர்முனை கீழே வைத்துக் குளிர்ந்த மூலையில் சேர்த்தது. கழுவாதீர்கள், ஓட்டின் மேல் உள்ள காப்பு போய்விடும். சிறுவிடைக்குப் பத்து, அதிகபட்சம் பன்னிரண்டு. பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டை மாறி மாறிக் குளிர்ந்து, எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் கெடும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போடுங்கள். மற்ற கோழிகளும் அதே கூடையில் வந்து இட்டுவிட்டுப் போகும், கோடில்லாததை எடுத்துவிடலாம்.

அகலக் கூடையில் அடியில் மணல், மேலே வைக்கோல், ஓரமாக வேப்பிலையும் சாம்பலும். கோழிச்செள் அடைக்கோழியைத்தான் முதலில் பிடிக்கும். இடிக்குப் பயந்து அம்மா ஒரு கரித்துண்டும் இரண்டு மிளகாயும் வைப்பார். நானும் எடுப்பதில்லை. பொழுது சாய்ந்த பிறகு முட்டையை வையுங்கள், கோழி அமைதியாக ஏறி உட்காரும். தினமும் ஒருமுறை கீழே இறங்கித் தின்று, குடித்து, எச்சமிட்டு வரும். கால்மணிக்கு மேல் திரும்பவில்லை என்றால்தான் நீங்கள் போக வேண்டும்.

ஏழாம் நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசி டார்ச்சின் மேல் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். நல்ல முட்டையில் நடுவே ஒரு கரும்புள்ளி, அதைச் சுற்றிச் சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்பு. கொஞ்சநேரம் பொறுத்தால் புள்ளி அசைவதே தெரியும். ஒன்றுமில்லாமல் பளிச்சென்று ஒளி ஊடுருவினால் கரு கூடாத முட்டை. உள்ளே கலங்கித் தளும்பினால் கூமுட்டை, இருந்தால் வெடித்து மற்றதையும் நாறடிக்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடவே கூடாது. 21ஆம் நாள் குஞ்சு வரும். ஓட்டில் ஓட்டை விழுந்து வெகுநேரமாகிறதே என்று நகத்தால் உரித்துவிடாதீர்கள். ரத்தம் உள்ளிழுக்கப்படாத குஞ்சை நாமே கொன்றதாகிவிடும்.

முதல் எட்டு வாரம்

பொரித்த நாள் தீனிக்கு அவசரமில்லை, மஞ்சள்கரு உள்ளே இருக்கிறது. கொஞ்சம் வெல்லம் கரைத்த தண்ணீர், அப்புறம் கேழ்வரகு அல்லது அரிசி நொய். ஆனால் நொய்யிலேயே வளர்த்தால் குஞ்சு இறகு முளைக்காமல் தொங்கிப்போகும். முதல் ஆறு வாரத்துக்குக் குஞ்சுத்தீவனம் மூட்டையாக விற்கிறது, 20 சதவீதப் புரதம் உள்ளது. ஐந்து கிலோ வாங்கினால் ஒரு ஈட்டுக்குக் கணிசமாக வரும். சிக்கனம் பார்க்க வேண்டிய இடம் இது அல்ல. தண்ணீர்த் தட்டில் நாலு கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் தட்டிலேயே மூழ்கிச் செத்துப்போகும்.

முதல் பத்து நாள் தாயையும் குஞ்சையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து, வீட்டு வாசலில் வையுங்கள். பிறகு காலை பத்து மணிக்கு மேல் பக்கத்திலேயே மேயவிடலாம். காக்கை, பருந்து, கீரி, பூனை, நாய் எல்லாவற்றுக்கும் மூன்று வாரத்துக் குஞ்சுதான் ஆகாரம். வேலியோரம் அடர்த்தியாக ஒரு புதராவது இருக்கட்டும். வேப்பமரத்தில் இரட்டைவால் குருவி கூடு கட்டியிருந்தால் கலைக்காதீர்கள். அது தன் குஞ்சுக்காகக் காக்கையை விரட்டும்போது நம் குஞ்சும் பிழைக்கும்.

தாயில்லாமல் ஒருநாள் குஞ்சாக வாங்கியவர்களுக்கு: தகரத்தையோ அட்டையையோ வட்டமாக நிறுத்தி, உமி பரப்பி, முதல் மூன்று நாள் மேலே செய்தித்தாள் விரித்து, குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் கணக்கில் பல்பு தொங்கவிடுங்கள். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெப்பமானி இல்லையென்றால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கடியில் குவிந்து கத்தினால் குளிர், சுவரோரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் சூடு, பரவலாகப் படுத்திருந்தால் சரி. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் மார்கழியில் மூன்று வாரத்தோடு பல்பை எடுத்துவிடாதீர்கள்.

தடுப்பூசி

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. நம் கோழிகளைக் கூண்டோடு கொண்டுபோவது ராணிக்கெட், நாம் சொல்லும் வெள்ளைக்கழிச்சல். வந்த பிறகு மருந்து கிடையாது. வராமல் தடுக்கத்தான் முடியும்.

ஏழாம் நாள் ராணிக்கெட்டுக்கான லசோட்டா மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 14ஆம் நாள் கம்போரோ நோய்க்கு. 28ஆம் நாள் மறுபடி லசோட்டா, இது குடிதண்ணீரில். ஆறு வாரத்தில் அம்மைக்கு. எட்டு வாரம் முடிந்ததும் ராணிக்கெட் ஊசி, இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி. பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எட்டு வாரத்துக்கு முன் இந்த ஊசியைக் குஞ்சுக்குப் போட்டால் ஊசியே நோயாகிவிடும், அவசரப்படாதீர்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறது. ஊரில் தண்டோரா கேட்கும்வரை காத்திராமல் தை பிறந்ததும் கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டுவிடுங்கள்.

மருந்துக் குப்பி ஒன்று நூறு கோழிக்கோ அதற்கு மேலோ வரும். ஆறு கோழிக்கு வாங்குவது வீண் என்று விட்டுவிடுகிறார்கள். தெருவில் நாலு வீட்டு அக்காக்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாக் கோழிக்கும் போட்டால் தெருவுக்கே காப்பு. ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். தண்ணீரில் கொடுக்கும் மருந்துக்கு ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை எடுக்காதீர்கள், குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் எடுத்து, ஒரு கரண்டி பால்பவுடர் கலந்து, காலையில் இரண்டு மணி நேரம் தாகத்தில் வைத்த பிறகு கொடுங்கள். ஏற்கெனவே சோர்ந்திருக்கும் கோழிக்குப் போடக்கூடாது.

மற்ற நோய்களில், மழைக்காலத்தில் குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் அது கூட்டின் ஈரத்தால் வருவது. உமியை மாற்றி அன்றே மருத்துவரிடம் மருந்து வாங்குங்கள், மறுநாள் என்றால் தாமதம். அம்மைக் கொப்புளத்துக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாம், கண்ணை மூடிக்கொண்ட கோழிக்கு இரையை வாயில் ஊட்ட வேண்டும். குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சாம்பலும் மணலும் கலந்த ஒரு குழி வைத்தால் கோழி அதில் புரண்டு செள்ளைத் தானே உதிர்த்துக்கொள்ளும். செத்த கோழியை ஓடையில் வீசாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். ஒரே நேரத்தில் பல கோழி செத்தால் 1962 எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். பயிற்சி வேண்டுமானால் தருமபுரிக்காரர்களுக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஓசூர் மத்திகிரியில் கோழி வளர்ப்புக்கென்றே கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி இருக்கிறது.

முட்டையும் கறியும்

எல்லா ஈட்டையும் அடை வைக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு இரண்டு ஈடு குஞ்சுக்கு, மிச்சம் வீட்டுக்கு. அடைக்கு வேண்டாத கோழி கேறினால், அடியில் காற்றுப் போகும் கூடையில் மூன்று நாலு நாள் வெளிச்சத்தில் அடைத்து வையுங்கள், கேறல் நின்று சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வரும். குஞ்சை எட்டு வாரத்தில் பிரித்தாலும் தாய் சீக்கிரம் முட்டைக்குத் திரும்பும்.

சேவல் குஞ்சு ஐந்து மாதத்தில் ஒன்றேகால் கிலோவுக்குப் பக்கத்தில் வரும். அதற்கு மேல் வைத்தால் தீனிதான் செலவு. எப்போது விற்பது என்று பார்த்து அடை வையுங்கள். புரட்டாசியில் யாரும் வாங்க மாட்டார்கள், கார்த்திகை மார்கழியில் மாலை போட்ட வீடுகள் அதிகம். ஆடிப்பதினெட்டுக்கு வேண்டுமானால் மாசியில் குஞ்சு பொரித்திருக்க வேண்டும். தீபாவளிக்கு என்றால் வைகாசி கடைசி. கரிநாளுக்கு ஆடி, ஆவணி. வியாபாரி கையால் தூக்கிப் பார்த்து விலை சொல்வார். வீட்டிலேயே தராசில் நிறுத்துவிட்டுப் பேசுங்கள். அறுப்பதற்கு முந்தைய ராத்திரி தீனி போடாமல் தண்ணீர் மட்டும் வையுங்கள். மருந்து கொடுத்த கோழியானால் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டுக்கொண்டே அறுக்க வேண்டும்.

நல்ல விலை வருகிறதே என்று கொழுத்த விடைக்கோழியை விற்றுவிடாதீர்கள். எந்தத் தாயின் குஞ்சு அதிகம் பிழைத்ததோ, அந்தத் தாயின் பொட்டைக்குஞ்சு இரண்டைக் காலில் நூல் கட்டி நிறுத்தி வையுங்கள். சேவலை மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சேவலும் வந்ததும் மூன்று வாரம் தனிக்கூடையில்தான்.